இருட்டில் உட்கார்ந்தும் குறையாத பில்: ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் மாதக் கட்டணங்கள்

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர்கள் எழுபதை நெருங்கும் ஒரு தம்பதி. கணவர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் தனித்தனியே வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் ஐந்து பேர் புழங்கிய வீட்டில் இப்போது இரண்டே பேர். வருமானம் ஓய்வூதியம் மட்டும்தான். சேமிப்பு உண்டு, ஆனால் அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இருவரின் விருப்பம். முதியோர் இருக்கும் வீடுகளில் செலவுகளைச் சரிபார்க்க உதவுவது என் வழக்கம். அப்படித்தான் இவர்களுடைய கணக்கும் என்னிடம் வந்தது.

அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். தொகைகளையும் பணமாகச் சொல்லாமல், மாத ஓய்வூதியத்தை 100 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்த ஊரில், எந்த நாணயத்தில் படித்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இருந்தது. மின்சாரத்துக்கு 14, தண்ணீருக்கு 4, தொலைபேசி, இணையம், டிவி மூன்றுக்கும் சேர்த்து 9, எல்லாக் காப்பீடுகளுக்கும் 12, காரை ஓட்டும் செலவு 5, சந்தாக்களும் பராமரிப்பு ஒப்பந்தங்களும் 4. ஆக, 48. சாப்பாடு, மருந்து, துணிமணி எதுவும் இதில் சேரவில்லை. மாதம் பிறந்ததும் ஓய்வூதியத்தில் ஏறத்தாழ பாதி தானாகவே போய்விடுகிறது. மீதிப் பாதியில்தான் மற்றதெல்லாம்.

முதலில் கண்டது

நான் போனபோது மாலை மங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. கூடத்தில் விளக்கு எரியவில்லை. டிவி வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாடிப்படியிலும் இருட்டு. "ரெண்டு பேருக்கு எதுக்குத் தம்பி இத்தனை விளக்கு?" என்றார் பெரியவர். பகலில் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் அந்த அம்மா மின்விசிறியைப் போடுவதில்லை. ஒரு வாளித் தண்ணீரை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார். ஒரு வருடமாக இப்படித்தான். ஆனாலும் மின்சார பில் பெயருக்குத்தான் இறங்கியிருந்தது.

எனக்கு அப்போது பில்லைவிட அந்தப் படிக்கட்டுதான் கவலையாக இருந்தது. வயது கூடக் கூடக் கண்மணி சுருங்குகிறது, கண்ணுக்குள் இருக்கும் வில்லையும் மஞ்சள் தட்டுகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வயதானவருக்கு வெளிச்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வெக்கையும் அப்படியே. முதிய உடலுக்கு வியர்வை குறைவு, தாக உணர்வும் மந்தம். சூடு ஏறுவது தெரியாமலே உடம்பு தளர்ந்துவிடும். ஒரு முறை படியில் தவறி விழுந்தால் ஆகும் மருத்துவச் செலவுக்கு முன்னால் ஒரு பல்பின் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

இருவரும் தங்கள் சொந்தச் சௌகரியத்திலிருந்து பிடுங்கிச் சேமிக்கப் பார்த்தார்கள். பணம் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை எதையும் குறைப்பதில்லை, எதையும் ரத்து செய்வதில்லை என்று அன்றே பேசி முடிவெடுத்தோம். படிக்கட்டு விளக்கை மட்டும் அன்று இரவே போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்

முதல் வேலை வங்கி ஸ்டேட்மென்ட். மூன்று மாதம் போதாதா என்று பலர் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கழியும் தொகைகள் மூன்று மாதத்தில் கண்ணில் படாது. ஆகவே முழுதாகப் பன்னிரண்டு மாதங்களையும் எடுத்து, தானாகக் கழிந்த ஒவ்வொரு வரியையும் பேனாவால் வட்டமிட்டோம்.

வட்டமிட்டவற்றில் பெரியவரே மறந்துபோனவை பல. தூக்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டருக்கான வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மாற்றிவிட்ட பழைய சலவை இயந்திரத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இன்னும் ஓடியது. மகன் வீட்டில் இருந்தபோது எடுத்த சினிமா சந்தா, மகள் படித்த காலத்து இதழ் சந்தா. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். சேர்ந்தால் மாதம் 4.

இவற்றில் இன்று பயன்படுவது எது என்று பெரியவரிடம் மட்டும் கேட்கவில்லை, அம்மாவிடமும் தனியாகக் கேட்டேன். இதழ் சந்தாவை பெரியவர் "யாரும் படிப்பதில்லை" என்று சொல்லியிருந்தார். அந்த அம்மா ஒவ்வொரு இதழையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பவர். அது தொடர்ந்தது. மற்றவற்றை ரத்து செய்தோம். ரத்து செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால் மட்டும் போதாது. ஒப்பந்தம் உயிரோடு இருந்தால் அது கட்டாத பாக்கியாக வளரும். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் ரத்து, அதற்கான உறுதிக் கடிதம், அப்புறம்தான் வங்கியில் நிறுத்தம். இந்த வரிசையில் செய்ததால் சிக்கல் வரவில்லை. 4 என்பது 1.5 ஆனது.

இரவு மீட்டர்

மின்சாரத்தில் எது எவ்வளவு இழுக்கிறது என்று ஊகிப்பதைவிட மீட்டரிடமே கேட்பது மேல். பெரியவரிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். இரவு 11 மணிக்குப் படுக்கப் போகுமுன் மீட்டரில் உள்ள எண்ணை எழுதி வைக்க வேண்டும். காலை 5 மணிக்கு எழுந்ததும் மறுபடி எழுத வேண்டும். நடுவில் யாரும் எதையும் புதிதாகப் போடக்கூடாது.

வித்தியாசம் 2.1 யூனிட். ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். ஆறு மணி நேரத்தில் 2.1 யூனிட் என்றால், வீடே உறங்கும்போதும் சராசரியாக 350 வாட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே வேகத்தில் நாள் முழுக்கக் கணக்கிட்டால் மாதத்துக்கு 252 யூனிட். அவர்களுடைய மொத்தப் பயன்பாடு மாதம் 420 யூனிட். பில்லில் ஐந்தில் மூன்று பங்கு, யாரும் எந்த ஸ்விட்சையும் தொடாமலே ஆகிவிடுகிறது.

பெரியவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ நாங்க அணைச்சதெல்லாம்?" என்றார். அணைத்த விளக்குகளின் பங்கு அந்தப் பில்லில் மிகக் குறைவு என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த 350 வாட்டைப் பிரித்துப் பார்க்க, சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே செருகும் ஒரு வாட் மீட்டரை இரவல் வாங்கினோம். ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுகிற சாதனம். அந்த நேரத்தில் காட்டும் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, குறைந்தது ஒரு முழு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். வாட்டர் ஹீட்டர் போன்ற பெரிய சாதனத்தை இந்தச் சின்னக் கருவியில் செருகவே கூடாது, அது தாங்காது. ஹீட்டருக்கு, அதை மெயினில் அணைத்த ஓர் இரவையும் அணைக்காத ஓர் இரவையும் வீட்டு மீட்டரில் ஒப்பிட்டோம்.

கிடைத்த கணக்கு: சமையலறை ஃபிரிட்ஜ் சராசரி 50 வாட், பின்கட்டில் இருந்த பழைய இரண்டாவது ஃபிரிட்ஜ் 130 வாட், சூட்டைத் தக்கவைக்க ஹீட்டர் 75 வாட், ரவுட்டர், இரண்டு செட்-டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், பிரிண்டர் போன்றவை சேர்ந்து 55 வாட், படுக்கையறை மின்விசிறி 40 வாட். ஒரே ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட் ஆகும். இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்பது தானாகத் தெரியும்.

இரண்டாவது ஃபிரிட்ஜ்

பின்கட்டு ஃபிரிட்ஜ்தான் எல்லாவற்றிலும் பெரிய தீனிக்காரன். நாளுக்கு 3 யூனிட்டுக்கு மேல். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தோம், பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் இறுகிப்போய் இடைவெளி விழுந்திருந்தது. குளிர் வெளியே, வெப்பம் உள்ளே, கம்ப்ரஸர் ஓயாமல் ஓட்டம். பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி படிந்து போர்வை போல இருந்தது. அந்தச் சுருள்தான் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடும் இடம், அது மூடிக்கிடந்தால் இயந்திரம் இன்னும் கஷ்டப்படும்.

அணைத்துவிடலாம் என்று நான் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. காரணத்தைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால் அவருடைய இன்சுலின் இருந்தது. சமையலறை ஃபிரிட்ஜில் இடம் இல்லை, அடிக்கடி திறந்து மூடுவதால் மருந்து கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. நியாயமான பயம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டாலும் வீண்தான்.

இந்த இடத்தில் பிடிவாதமாக "அணையுங்கள்" என்று சொல்லியிருந்தால் முழு வேலையும் அங்கேயே நின்றிருக்கும். இரண்டு ஃபிரிட்ஜுக்குள்ளும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். பழையதில் வெப்பநிலை பகலில் 10 டிகிரியைத் தாண்டியது. மருந்துக்குப் பத்திரமான இடம் என்று அவர் நம்பியது அதற்கு ஏற்ற இடமாகவே இல்லை. இன்சுலினின் நிலை பற்றி அன்றே அவருடைய மருத்துவரிடம் கேட்டோம். அவர் சொன்னபடி அந்த இருப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கினார்கள்.

அதன் பிறகு சமையலறை ஃபிரிட்ஜைக் காலி செய்து, சுருளைத் துடைத்து, வெப்பநிலையை 4 டிகிரிக்கு வைத்து, நடுத்தட்டில் உறைபெட்டியிலிருந்து தள்ளி மருந்துக்கென ஒரு மூடிய டப்பா ஒதுக்கினோம். கதவுப் பக்கம் வைக்கவில்லை, அங்கேதான் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்கும். தெர்மாமீட்டரை உள்ளேயே விட்டுவிட்டோம். ஒரு வாரம் 3 முதல் 5 டிகிரிக்குள் நிலையாக இருந்ததைப் பார்த்த பிறகு அந்த அம்மாவே பின்கட்டு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். மாதம் 90 யூனிட்டுக்கு மேல் அந்த ஒன்றில் மட்டும் குறைந்தது.

ஹீட்டரும் மற்றவையும்

வாட்டர் ஹீட்டர் 150 லிட்டர் தொட்டியுடையது, ஐந்து பேருக்காக வாங்கியது. இருவருக்குக் காலையில் ஒரு முறைதான் வெந்நீர் வேண்டும். மற்ற நேரமெல்லாம் யாருக்கும் தேவைப்படாத வெந்நீரைச் சூடாகவே வைத்திருக்க மின்சாரம் போனது. தண்ணீரைச் சூடாக்குவது வீட்டில் மிகவும் செலவு பிடிக்கும் காரியம். 100 லிட்டரை 30 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 3.5 யூனிட் வேண்டும். அந்த மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு 390 மணி நேரம் எரியும்.

தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்கு இறக்கிவிட்டால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் அவர்களுக்கு யோசனை சொல்லியிருந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டியில் தேங்கும் தண்ணீர் மிதமான சூட்டில் இருந்தால் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் வளர வாய்ப்பு உண்டு, அது நுரையீரலைத் தாக்கும். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்த ஆபத்து கூடுதல். தொட்டி 60 டிகிரியை எட்டத்தான் வேண்டும். ஆனால் 60 டிகிரி நீர் நேராகத் தோலில் பட்டால் சில விநாடிகளில் வெந்துவிடும், அதனால் குழாயில் குளிர்நீர் கலந்து வருவதை உறுதிசெய்ய வேண்டும். சூட்டைக் குறைக்காமல் நேரத்தைக் குறைத்தோம். அதிகாலை 3 மணிக்கு ஆன் ஆகி 6 மணிக்கு ஆஃப் ஆகும் டைமர் ஒன்றை எலக்ட்ரீஷியன் பொருத்தினார். குழாய் முனையில் குளிர்நீரை அளவாகக் கலக்கும் வால்வும் போட்டார்.

இரண்டாவது செட்-டாப் பாக்ஸ் மகள் அறையில் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி ஒரு ஸ்விட்சில் அணைக்கும்படி செய்தோம். ரவுட்டரை அணைக்கவில்லை, ஏன் என்பது கீழே வரும். மிச்சமிருந்த 60 வாட் குண்டு பல்புகளை 9 வாட் எல்இடிக்கு மாற்றினோம். படிக்கட்டு, குளியலறைப் பாதை, கூடம் எல்லா இடத்திலும் இப்போது விளக்கு எரிகிறது. மின்விசிறியும் ஓடுகிறது.

தண்ணீர்

இங்கேயும் அதே இரவுச் சோதனைதான். ஏழு மணி நேரத்தில், யாரும் குழாயைத் திறக்காமல், மீட்டர் 70 லிட்டர் காட்டியது. மணிக்கு 10 லிட்டர். நாளுக்கு 240, மாதத்துக்கு 7200 லிட்டர்.

எந்தக் குழாயும் சொட்டவில்லை. கழிப்பறை ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் 20 நிமிடம் காத்திருந்தோம். கீழே பீங்கானில் நிறம் இறங்கியிருந்தது. டேங்கின் அடியில் உள்ள ரப்பர் மூடி நைந்துபோய்ச் சத்தமே இல்லாமல் தண்ணீரைக் கசியவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டு. அதை மாற்றக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த இரவு மீட்டர் அசையவில்லை. தண்ணீர் பில் 4-லிருந்து 2.5 ஆனது. அந்த அம்மா வாளித் தண்ணீரை இரண்டு முறை பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டார்.

தொலைபேசி, இணையம், டிவி

ஐந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய காலத்தில் எடுத்த அதிவேக இணையத் திட்டம் அப்படியே இருந்தது. எச்டி தரத்தில் ஒரு படம் ஓட நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் (Mbps) வேகம் போதும். பேரப்பிள்ளைகளுடன் வீடியோவில் பேச அதைவிடக் குறைவே போதும். இவர்களிடம் இருந்தது அதைப் போலப் பல மடங்கு. டிவியில் அவர்கள் பார்க்கும் சேனல்களை ஒரு வாரம் எழுதிவைக்கச் சொன்னேன். ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் முடிந்தது.

லேண்ட்லைனைத் துண்டித்துவிடலாம் என்பதே பெரியவரின் முதல் யோசனை. அதற்கு முன் கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புப் பொத்தான் எதன் வழியாகப் போகிறது என்று பார்த்தோம். அது லேண்ட்லைனை நம்பியிருந்தது, அந்த லேண்ட்லைன் ரவுட்டரை நம்பியிருந்தது. ரவுட்டரை இரவில் அணைத்திருந்தால் பொத்தானும் செத்திருக்கும். வயதானவர் இருக்கும் வீட்டில் எந்த இணைப்பையும் பிடுங்குமுன் அதன் மேல் வேறு எது உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். லேண்ட்லைன் தொடர்ந்தது. மின்வெட்டிலும் ரவுட்டர் ஓட ஒரு சிறிய பேட்டரி பேக்கப் வாங்கினார்கள். அது கூடுதல் செலவுதான், ஆனால் தயங்காமல் செய்ய வேண்டிய செலவு.

ஒப்பந்தக் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்ததால் வெளியேற அபராதம் இல்லை. பெரியவர் நிறுவனத்தை அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர் இன்னும் பெரிய தொகுப்பு ஒன்றை விற்கப் பார்த்தார். நாங்கள் முன்கூட்டியே ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்திருந்தோம்: எங்களுக்கு வேண்டிய வேகம் இது, வேண்டிய சேனல்கள் இவை, வேறு இடத்தில் கிடைக்கும் கட்டணம் இது. பெரியவர் அதையே நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அழைப்பு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டது, அங்கே கட்டணம் இறங்கியது. மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டதும், உண்டு என்றார்கள். கேட்காதவரை யாரும் சொல்லவில்லை. 9 என்பது 5.5.

இந்த நாட்களில்தான் "உங்கள் பில்லைக் குறைத்துத் தருகிறோம், வரும் ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஓர் அழைப்பும் வந்தது. பெரியவர் வைத்துவிட்டார். நாமாக எண்ணைத் தேடி அழைத்த அழைப்பில் மட்டும்தான் கணக்கு விவரம் பேசுவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம்.

காப்பீடு

இங்கே அவசரப்பட்டால் சேதம் பெரிது. மருத்துவக் காப்பீட்டுக்கு 6, ஆயுள் காப்பீட்டுக்கு 3, காருக்கு 2, வீட்டுக்கு 1.

மருத்துவக் காப்பீட்டைத் தொடவில்லை. இந்த வயதில், சர்க்கரை நோயோடு, ஒரு முறை விட்டால் அதே நிபந்தனைகளில் திரும்பக் கிடைப்பது அரிது. தவணை எவ்வளவு உறுத்தினாலும் அது கடைசியாகக்கூடப் பார்க்க வேண்டிய இடமில்லை.

ஆயுள் காப்பீடு பார்த்தவுடன் தேவையற்றதாகத் தோன்றியது. வீட்டுக் கடனுக்காக எடுத்தது, கடன் அடைந்துவிட்டது, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். ஆனால் பெரியவருக்குப் பின் அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஓய்வூதியம் வரும் என்று கேட்டபோது இருவருக்குமே தெரியவில்லை. ஓய்வூதிய ஆவணங்களை எடுத்துப் பார்த்தோம். பாதிதான் வரும். வீட்டின் கட்டணங்கள் பாதியாகாது. ஒருவர் இருந்தாலும் ஃபிரிட்ஜ் ஒன்றுதான், இணையம் ஒன்றுதான், வீட்டுக் காப்பீடும் அதேதான். இந்த உண்மையைப் பேசுவது அந்தக் கூடத்தில் யாருக்கும் எளிதாக இருக்கவில்லை. பேசாமல் விட்டிருந்தால் அந்த அம்மாவின் பாதுகாப்பை வெட்டித்தான் மாதச் செலவைக் குறைத்திருப்போம். முழுதாக விடாமல், காப்பீட்டுத் தொகையைப் பாதியாக்கத் திட்டத்தில் வழி இருந்ததால் அதை எடுத்தார்கள். தவணை 1.5 ஆனது.

கார் காப்பீட்டில் தினமும் அலுவலகம் போய்வரும் பயன்பாடு என்றே பதிவாகியிருந்தது. இப்போதைய பயன்பாட்டையும் ஓட்டும் தூரத்தையும் தெரிவித்ததும் 1.5 ஆகக் குறைந்தது. காப்பீடுகள் மொத்தம் 12-லிருந்து 10.

காரை விற்றால் இன்னும் மிச்சமாகும் என்று மகன் சொன்னார். நான் அதற்குத் துணை நிற்கவில்லை. மருத்துவமனைக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் அவர்களை அழைத்துப் போவது அதுதான். வெளியே போவது நின்றால் முதியவர்கள் எவ்வளவு வேகமாக ஒடுங்கிப்போகிறார்கள் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். 5 அப்படியே இருந்தது.

பின்னர் நடந்தது

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு டைமரின் கடிகாரம் பின்தங்கிவிட்டது. ஹீட்டர் தாமதமாக ஓடியது, பெரியவர் சில நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. உள்ளே பேட்டரி உள்ள டைமருக்கு மாற்றினோம். பிள்ளைகள் வந்து தங்கிய நாட்களில் வெந்நீர் போதவில்லை, அதற்கு டைமரைத் தாண்டி நேராக ஓட்டும் ஸ்விட்சை எப்படிப் போடுவது என்று இருவருக்கும் காட்டி, பக்கத்திலேயே எழுதி ஒட்டினோம்.

ஓராண்டு முடிவில் மின்சாரம் மாதம் 420-லிருந்து 280 யூனிட் அருகே வந்து நின்றது. கட்டணம் 14-லிருந்து 9.5. பில்லில் பயன்பாட்டோடு சேராத நிலையான கட்டணமும் இருப்பதால், யூனிட் குறைந்த அதே விகிதத்தில் தொகை குறையாது. மற்றவற்றையும் சேர்த்தால் மொத்தம் 48-லிருந்து 34. ஏறத்தாழ 29 சதவீதம். டைமர், வால்வு, பல்புகள், பேட்டரி ஆகியவற்றுக்கு ஆன செலவு முதல் சில மாதச் சேமிப்பிலேயே ஈடாகிவிட்டது.

அடுத்த முறை வேறு விதமாக

இரவு மீட்டர் சோதனையை முதல் நாளிலேயே வைப்பேன். ஸ்டேட்மென்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பேனாவும் தாளும் போதும், யாருக்கும் செலவில்லை. அந்த ஓர் எண்ணைப் பார்த்த பிறகுதான் பெரியவர் விளக்கை அணைப்பதை விட்டார். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்காதவர், தன் கையால் எழுதிய எண்ணை நம்பினார்.

கணவன் மனைவி இருவரையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாகக் கேட்பது இன்னொன்று. இன்சுலின், இதழ், பச்சைத் தண்ணீர் மூன்றும் அந்த அம்மா வாயைத் திறந்த பிறகே தெரிந்தன. ஆனால் எல்லாக் கணக்கும் பெரியவர் பெயரில், எல்லா ஓடிபியும் பெரியவர் போனில். அவர் ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால் எந்தப் பில்லையும் அந்த அம்மாவால் கட்ட முடியாது. கடைசியில்தான் இதற்கு வந்தோம். நிறுவனங்களில் அந்த அம்மாவின் பெயரையும் இரண்டாவது நபராகச் சேர்த்து, எந்தக் கட்டணம் எந்தத் தேதியில் எங்கே கழிகிறது என்பதை ஒரே தாளில் எழுதி, அலமாரியின் உள்கதவில் ஒட்டினார்கள். அடுத்த வீட்டில் இது முதல் வாரத்து வேலையாக இருக்கும்.

இந்த வீட்டில் மின்சாரத்துக்கு நாள் முழுக்க ஒரே விலைதான். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று விலை மாறும் திட்டத்தில் உள்ளவர்கள் அதையும் பார்க்க வேண்டும். பகலில் ஆளில்லாத காலத்தில் எடுத்த திட்டம், பகல் முழுக்க வீட்டிலிருக்கும் காலத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

மருத்துவக் காப்பீட்டுத் தவணை வயதோடு ஏறும், சேமித்த 14-இல் ஒரு பகுதி அதற்கே போகும். அதனால் அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு வருகிறார்கள். பாதியாக்கிய ஆயுள் காப்பீட்டை வைத்திருப்பதா என்பதை, அந்தக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலின்போது இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.